உறங்காத நகரில் உறக்கம் தேடி

பெய்ஜிங்கைப் பற்றியும் ஷாங்காயைப் பற்றியும் நேயர்கள் நிறையக் கேள்விப்பட்டிருப்பர். கைபெங் என்ற பெயரை அறிந்தவர் நம்மவருட் சிலராகவே இருத்தல் கூடும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், வட சோங் வமிசத்தார் (960–1127) அங்கிருந்து சீனத்தை ஆண்ட காலத்தில், உலகின் மாபெரும் நகரங்களுள் ஒன்றாக அது விளங்கியது. அதற்கு முந்திய காலங்களிற் சீனத் தலைநகரங்களில் மாலை முரசு ஒலித்ததும் வீதிகள் அடைபட்டுவிடும். அதன்பின் நடமாடுவோர் தண்டிக்கப்படுவர். கைபெங்கில் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. இராக் கடைகள் நள்ளிரவு கடந்தும் நடந்தன. அவை மூடிச் சிறிது நேரத்துள் விடியற் கடைகள் திறந்தன. உறங்காத நகரம் என்று அதனைச் சொல்லிவிடலாம். அத்தகைய நகருக்கு நாம் உறக்கத்தைத் தேடிப் போனோம் என்றால் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

எமக்காகத் தேடவில்லை, எமது மருமகளுக்காகத் தேடினோம்.

மருமகள் என்பது எமது தமக்கையாரின் புதல்வி. தமக்கையாருக்கு 2011 ஆம் ஆண்டில் மார்பிற் புற்றுநோய் கண்டது. கொழும்பிற் சிகிச்சை நடந்தது; நோயும் தீர்ந்தது. ஆனால் கீமோதெரபி மருந்து ஏற்றத் தொடங்கிய முதல் வாரத்தில் அவரை விட்டுப் போன உறக்கம் பிறகு திரும்பவேயில்லை. ஊருக்கு வந்தபின் இரவு மூன்று மணிக்கு எழுந்து, விறாந்தை விளக்கைப் போட்டுவிட்டு முற்றம் கூட்டுவார். அக்கம்பக்கத்தார் அந்த விளக்குமாற்றுச் சத்தத்தைக் கேட்டே மணி பார்க்கப் பழகிக்கொண்டனர். அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கும் இப்போது அதே நோய். வேறோர் அலுவலாக நாம் சீனத்தின் ஹெனான் மாகாணத் தலைநகரான ஷெங்சோவில் இருந்தபோது, அவளிடமிருந்து கைத்தொலைபேசியிற் சிறு கடிதமொன்று வந்தது.

“மாமா, வாற மாதம் தெல்லிப்பழையிலை மருந்து ஏத்தத் தொடங்கீனம். நோயை டொக்டர்மார் பாத்துக்கொள்ளுவினம். எனக்குப் பயம் அதில்லை. அம்மாவின்ரை விளக்குமாத்துச் சத்தம் எனக்கும் வந்திடக்கூடாது. சீனாவிலை ஊசி குத்தி நித்திரையைக் காப்பாத்துகினமாம். உண்மையோ எண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ.”

விசாரிக்க வேண்டிய இடம் எது என்று கேட்டபோது, எம்முடன் இருந்த மருத்துவ மாணவர் ஒருவர் கைபெங்கின் பெயரைச் சொன்னார். அவருக்குத் தெரிந்த வைத்திய அம்மையார் ஒருவர் அங்கு இருந்தார். அத்துடன், அக்குபங்சர் என்னும் ஊசி வைத்தியத்தை ஒழுங்குபடுத்திய ஊரும் அதுவே என்றார். ஷெங்சோவிலிருந்து கிழக்கே புகையிரதத்தில் ஏறக்குறைய அரைமணி நேரப் பிரயாணம்.

இலையுதிர் காலம். கைபெங் செவ்வந்திப் பூவுக்குப் பேர்போனது. வீதியோரம், கோயில் வாசல், வங்கிப் படிக்கட்டு எங்கணும் சட்டிசட்டியாகச் செவ்வந்தி. மஞ்சள், வெள்ளை, ஊதா மட்டுமன்றிப் பச்சை நிறத்திலும் கண்டோம். ஆனால் இந்தப் பூக்களுக்குக் கீழே இருப்பது பயங்கரமான மண். நகருக்கு வடக்கே பத்துக் கிலோமீற்றர் அளவில் மஞ்சள் ஆறு ஓடுகிறது. அது கொண்டுவரும் வண்டல் படிந்து படிந்து, ஆற்றின் படுகை நகர மட்டத்திலும் உயர்ந்துவிட்டது. கரையணை மட்டுமே இடையில் நிற்கிறது. அணை உடைந்த போதெல்லாம் நகரம் புதைந்தது. புதைந்த நகரத்தின் மேலேயே மறுபடியும் நகரம் கட்டினர். 1642 ஆம் ஆண்டு முற்றுகைப் போரில் அணையை மனிதரே உடைத்துவிட, நகர மக்களிற் பெரும் பகுதியினர் மாண்டனர். இன்றைய வீதிகளின் கீழே பழைய கைபெங்குகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன என்று அகழ்வாராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர்.

1049 இல் எழுந்த இரும்புக் கோபுரம் மாத்திரம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நிற்கிறது. பெயர்தான் இரும்பு, மினுக்கு மெருகிட்ட செங்கற்களால் ஆனது. துருப்பிடித்த இரும்பின் நிறம் இருப்பதால் அந்தப் பெயர் வந்தது. பதின்மூன்று நிலை, ஐம்பத்தைந்து மீற்றர் உயரம். உள்ளே ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய இருண்ட படிகள். நான்காம் நிலையில் மூச்சு வாங்க, எமது வயதை எண்ணித் திரும்பிவிட்டோம்.

இனி ஊசிக்கு வருவோம். சோங் பேரரசரின் அரண்மனை வைத்தியர் வாங் வெய்யி என்பவர் 1027 ஆம் ஆண்டில் இரண்டு வெண்கல மனிதரை வார்ப்பித்தார். ஆள் அளவு உருவங்கள். உடலெங்கும் ஊசி ஏற்றும் புள்ளிகள் துளைகளாக இருந்தன. பக்கத்திலே பெயர்களும் பொறிக்கப்பட்டன. ஒன்று அரச மருத்துவ நிலையத்திலும் மற்றொன்று தாசியாங்குவோ என்ற பௌத்தக் கோயிலிலும் வைக்கப்பட்டன. பரீட்சை நாளில் உருவத்தின் மேல் மெழுகு பூசித் துளைகளை மறைத்து, உள்ளே நீர் நிரப்புவார்களாம். மாணவன் சரியான இடத்தில் ஊசியை ஏற்றினால் நீர் கசியும். பிழைத்தால் ஊசி உள்ளே போகாது. மெய்யான நோயாளியின் மேற் கை வைக்குமுன் இப்படிப் பழகவேண்டும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நினைத்திருக்கிறார்களே என்று வியந்தோம். மூல உருவங்கள் இரண்டும் இன்று இல்லை. ஆனால் தாசியாங்குவோ கோயில் இருக்கிறது. வெள்ளத்தில் அழிந்து அழிந்து பிற்காலத்திற் கட்டப்பட்ட கோயில் அது. சாம்பிராணிப் புகைக்கு நடுவே ஒரு கிழவி தன் பேரனுக்கு எதையோ காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தன் தாய்நாட்டிலும் இந்த வைத்தியம் எப்போதும் சிம்மாசனத்தில் இருந்துவிடவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். 1822 இல் தாவோகுவாங் பேரரசர் அரச மருத்துவ நிலையத்திலிருந்து ஊசி வைத்தியத்தை நீக்கினார். 2010 இலே யுனெஸ்கோ அதனை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது.

நாம் சென்ற மருத்துவமனையின் முன் மண்டபத்திலும் வெண்கல மனிதரின் பிரதி ஒன்று நின்றது. சிறுவர் தொட்டுத் தொட்டு அதன் முழங்கால் பளபளத்திருந்தது. மேல் மாடியில் அம்மையாரின் அறை. அறுபது வயதிருக்கும். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். பேச்சு குறைவு, மாணவர் மொழிபெயர்த்தார்.

அறையில் ஆறு கட்டில்கள். யன்னலருகே நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி தலையிற் பூப்போட்ட துணி கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். மார்பிற் புற்றுநோய், இரண்டு முறை கீமோ ஆகிவிட்டது, மூன்றாவது அடுத்த வாரம். சுடுநீர்ப் போத்தல் ஒன்று தலைமாட்டில். சீனத்தில் நோயாளர் சுடுநீர்ப் போத்தலின்றி எங்கும் போவதில்லை. அம்மையார் முதலில் நாடி பிடித்தார். இரண்டு கைகளிலும் மும்மூன்று விரல் வைத்து நெடுநேரம் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நம் ஊர்ப் பரியாரியார் நினைவுக்கு வந்தார்.

ஊசி என்றதும் எமக்குச் சாக்குத் தைக்கும் கோணி ஊசியே நினைவில் இருந்தது. கண்டதோ தலைமுடியிற் சற்றுத் தடித்த, கால் மில்லிமீற்றர் அளவான கம்பி. ஒவ்வொன்றும் தனித்தனிக் கடதாசி உறையில். ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடுவர். மணிக்கட்டு மடிப்பில், சிறுவிரற் பக்கத்தில் ஒன்று. அந்தப் புள்ளிக்கு ‘ஷென்மென்’ என்று பெயர். ‘உயிரொளியின் வாயில்’ எனலாம். உள்ளங்காற் பக்கக் கணுவெலும்புக்கு மேல் நான்கு விரற்கடை அளந்து ஒன்று. உச்சந்தலையில் ஒன்று; அது ‘நூறு சந்திப்பு’. காதின் பின்புறம் ஒன்று. அதன் பெயரே ‘அமைதியான உறக்கம்’. குத்தியதும் மெல்லத் திருகினார். அந்தப் பெண்ணின் முகத்திற் சிறு சுளிப்பு, பிறகு தலையசைத்தாள். வலி அன்றாம், கனம்போல, விறைப்புப்போல ஒன்று பரவவேண்டுமாம். அது வந்தாலே ஊசி இடத்தைப் பிடித்துவிட்டது என்பது அவர்கள் கொள்கை. பகலில் விழித்திருக்கும் உயிரொளி இரவிலே இதயத்தில் வந்து அடங்கவேண்டும். அடங்க வீடில்லாமல் அலைவதே உறக்கமின்மை என்று பண்டைச் சீன மருத்துவம் சொல்லுகிறது. இக்கால உடற்கூற்றுச் சாத்திரத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. ஆனால் இரவு மூன்று மணிக்கு முற்றத்தில் நின்ற தமக்கையாரை நினைத்தபோது, வீடில்லாமல் அலைதல் என்ற சொல் எம்மைச் சுட்டது.

அரைமணி நேரம் கடந்து ஊசிகளை எடுத்தனர். அதன்பின் அவளுடைய காது மடலிற் சின்னஞ்சிறு பிளாஸ்ரர் துண்டுகளை ஒட்டினர். ஒவ்வொன்றின் நடுவிலும் கடுகு போன்ற ஒரு கருவிதை. நாளுக்குச் சில தடவை அந்த விதையை விரலால் அழுத்திக்கொள்ள வேண்டுமாம். விதையின் பெயர் வாங்-பு-லியூ-சிங். ‘அரசன் மறித்தாலும் நில்லாதது’ என்ற மாதிரிப் பொருள். உறக்கத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயரை எவர் வைத்தல் கூடும்!

“உறக்கம் வருகிறதா?” என்று அந்தப் பெண்ணைக் கேட்டோம். “ஊசி போட்ட இரவு கொஞ்சம் நன்று. மருந்து ஏற்றிய இரவு எதுவும் இல்லை,” என்றாள். பிறகு சிரித்துக்கொண்டு, “இங்கே படுத்திருக்கும் அரைமணி நேரம் என்னை எவரும் ஒன்றும் கேட்பதில்லை. அதுவே பெரிய மருந்து,” என்றாள்.

அம்மையாரிடம் நேராகவே கேட்டோம்: சிகிச்சை தொடங்குமுன்னரே ஊசி போட்டால் உறக்கம் கெடாமற் காக்கலாமா? நோய் வருமுன் வைத்தியம் செய்வதே சிறந்த வைத்தியரின் இலக்கணம் என்று அவர்களுடைய பழைய நூல்கள் போற்றுகின்றன. நம்மவர் வருமுன் காத்தல் என்பதும் அதுவே. ஆகையால் ‘ஆம்’ என்று சொல்லிவிடுவார் என்றே எதிர்பார்த்தோம்.

அவர் சொல்லவில்லை. “உங்கள் தமக்கையார் பகலில் என்ன செய்தார்?” என்று எம்மைத் திருப்பிக் கேட்டார்.

“படுத்திருந்தார். இரவில் உறக்கமில்லையே என்று பகலிற் படுக்கச் சொன்னோம்.”

“யார் சொன்னது?”

நாம்தாம் சொன்னோம். வீட்டிலிருந்த எல்லோரும் சொன்னோம். ‘பகலிலை எண்டாலும் கொஞ்சம் கண்ணை மூடுங்கோ அக்கா’ என்று கதவைச் சாத்தி, யன்னற்சீலையை இழுத்துவிட்டு, பிள்ளைகளைச் சத்தம் போடாதே என்று அதட்டியதெல்லாம் நாமே. அன்பினாற் செய்தோம். அம்மையார் மாணவரிடம் ஏதோ சொல்ல, அவர் சிறிது தயங்கியே மொழிபெயர்த்தார்: “மருந்து உறக்கத்தைக் கெடுத்தது சில வாரந்தான். மிச்ச ஆண்டுகளைக் கெடுத்தது அந்தப் பகற்படுக்கையாக இருக்கலாம்.”

இது சீனக் கிழவி ஒருத்தியின் சொந்த அபிப்பிராயம் அன்று. 1987 இல் ஆர்தர் ஸ்பீல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இதனையே விளக்கினார். ஒருவரை உறக்கமின்மைக்கு ஆளாக்கும் இயல்பு வேறு. அதனைத் தொடக்கிவிடும் சம்பவம் வேறு. தொடக்கியது நீங்கிய பின்னும் அதனை வளர்த்து வைத்திருக்கும் பழக்கம் வேறு. புற்றுநோயாளருக்குத் தொடக்கிவிடும் சம்பவங்களுக்குப் பஞ்சமில்லை. நோய் என்ற சொல்லே போதும். வாந்தியைத் தடுக்கக் கீமோவுடன் கொடுக்கும் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் மருந்து கண்ணை விழிக்கவைக்கும். ஹோர்மோன் சிகிச்சையில் நள்ளிரவில் உடல் கொதித்து வேர்க்கும். 2010 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கீமோதெரபி பெற்ற 823 பேரைக் கேட்டபோது, முதற் சுற்றின் ஏழாம் நாளிலேயே நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோருக்கு உறக்கக் குறை இருந்தது. ஆகவே முதல் அடியைத் தடுப்பது எளிதன்று. அது பழக்கமாக வேர்கொள்ளாமற் காப்பதே வழி.

ஊசியின் பங்கு என்ன? இதற்கும் நல்ல ஆய்வொன்று உண்டு. நியூ யோர்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் நிலையத்திலும் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலும் நடந்து 2019 இல் வெளியானது. புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தும் உறங்கமுடியாத 160 பேரை இரண்டாகப் பிரித்தனர். ஒரு பகுதியினருக்கு எட்டு வாரம் அக்குபங்சர்; மறு பகுதியினருக்கு உறக்கத்தைப் பற்றிய எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் சிகிச்சை. இரு பகுதியினரும் தேறினர். வலியைக் குறைப்பதில் ஊசி முந்தியது. உறக்கத்தில் மற்றது முந்தியது. நடுத்தரமான அல்லது கடுமையான உறக்கமின்மை உடையோரிற் பழக்கச் சிகிச்சை 75 சதவீதத்தினருக்கும் ஊசி 66 சதவீதத்தினருக்கும் போதிய குணம் தந்தது. பெரிய வேற்றுமை என்று சொல்வதற்கில்லை. ஆனால் இலேசாகத் தொடங்கியிருந்தவரில் முன்னது 85, ஊசி 18! மருமகள் போன்றோர் கவனிக்கவேண்டிய எண் இதுவே. தொடக்கத்திலே பிடிக்க நினைப்பவர் முதலிற் பற்றவேண்டியது ஊசியை அன்று.

மேலும், நுனி மழுங்கிப் பிடிக்குள்ளே மறைந்துவிடும் போலி ஊசிகள் உண்டு, நாடகக்காரரின் கத்திபோல. அவற்றை வைத்துப் பார்த்த பல ஆய்வுகளில் மெய்யூசிக்கும் போலிக்கும் இடையில் வேற்றுமை சிறிதாகவே இருந்திருக்கிறது. அதனால் ஊசி வெறும் ஏமாற்று என்று நாம் சொல்லவில்லை. கீமோவினால் வரும் குமட்டலுக்கு அது பயன்படும் என்பதை அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையம் கூட்டிய அறிஞர் குழு 1997 இலேயே ஒப்புக்கொண்டது. உறக்கத்தை வருமுன் காக்கும் என்பதற்குத்தான் சான்று இன்னும் மெலிந்திருக்கிறது.

இவற்றை அம்மையாரிடம் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. “நானும் அவர்களுக்கு முதலில் எழும்பும் நேரத்தையே சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் ஊசிக்கு வருவார்கள். வெறும் பேச்சுக்கு யார் வருவார்கள்?” என்றார். பிறகு மருமகளைப் பற்றி விசாரித்தார். இரத்தத்தில் வெள்ளணுக்கள் வீழ்ந்திருக்கும் நாளில் ஊசி கூடாது. உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்தாலும் கூடாது. அக்குளில் நிணநீர்க் கட்டிகளை எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கையிற் குத்தவே கூடாது. புற்றுநோய் டொக்டருக்குச் சொல்லாமல் எதுவும் செய்யலாகாது என்று விரல் மடக்கிச் சொன்னார். இவ்வளவு ‘கூடாது’ சொல்லும் வைத்தியரிடத்தில் எமக்கு நம்பிக்கை பிறந்தது.

இலங்கைப் பட்டணங்களில் ஒரு காலத்திற் சீனப் பல்வைத்தியரும், சைக்கிளிற் பட்டுத்துணி மூட்டை கட்டிக்கொண்டு வீடு வீடாக வரும் சீன வியாபாரியும் இருந்ததை முதிய நேயர்கள் மறந்திரார். விலை பேசும்போது அவர் ‘இல்லை, இல்லை’ என்று சொல்லும் விதமே அவரை நம்பவைக்கும். அம்மையாரின் முகத்தில் அந்த வியாபாரியைக் கண்டோம்.

இரவு முரசுக் கோபுரத்தின் அருகே உள்ள கடைத்தெருவுக்குப் போனோம். இறைச்சி வாட்டும் புகை, எண்ணெய்ச் சத்தம், சனநெருக்கம். நாக உருவமிட்ட பெரிய செப்புக் கெண்டியைச் சாய்த்து, பாதாம் மாக்கூழில் ஒருவர் கொதிநீர் ஊற்றித் தந்தார். ஒரு கோப்பை வாங்கிக்கொண்டு, மரவாங்கொன்றில் அமர்ந்து மருமகளுக்கு எழுதினோம்.

உறங்கிய நேரம் எதுவானாலும் விடியலில் ஒரே நேரத்தில் எழும்பச் சொன்னோம். களைத்தாற் பகலில் அரைமணி நேரம் சாய்ந்திருக்கலாம், மத்தியானத்துக்கு முந்தி. அதற்குமேல் எவர் கெஞ்சினாலும் கட்டிலுக்குப் போகவேண்டாம் என்றோம். ஸ்டீரொயிட் மாத்திரையைக் காலையில் எடுக்கலாமா என்று டொக்டரைக் கேட்கும்படியும், மாலையிற் சிறிது தூரம் நடக்கும்படியும் எழுதினோம். இரவில் உறக்கம் வராவிட்டாற் படுக்கையிற் கிடந்து புரளாமல் எழுந்துவிடு. அம்மா எழுந்தது பிழையன்று, விறாந்தை விளக்கைப் போட்டு வேலையைத் தொடங்கியதுதான் பிழை. மங்கலான வெளிச்சத்தில் இருந்து, கண் சொருகியதும் திரும்பிப் படு என்றோம். ஊசியைப் பற்றி: வலியோ குமட்டலோ மிகுந்தால், டொக்டர் சம்மதித்தால், தேர்ந்தவரிடம் போகலாம். அதனை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

கடைசியில், அம்மாவைப் பகலிற் படுக்கவைத்தவர்களில் நாமும் ஒருவர் என்பதையும் எழுதினோம். அதை அனுப்பச் சற்று நேரம் சென்றது.

மறுமொழி நாம் அறைக்குத் திரும்புமுன் வந்துவிட்டது. “எல்லாம் எழுதி ஒட்டிவைச்சிட்டன் மாமா. அம்மாவும் வாசிச்சவ. நாளையிலை இருந்து தானும் பகலிலை படுக்கமாட்டாவாம், ரெண்டுபேரும் ஆறு மணிக்கு ஒண்டா எழும்புவமாம். அந்தக் காதுக்கொட்டை கொஞ்சம் கொண்டு வாங்கோ. டொக்டரிட்டைக் காட்டிக் கேட்டிட்டு ஒட்டுறன்.”

விதைப் பிளாஸ்ரர்ப் பொட்டலம் ஒன்றை அடுத்த நாட் காலையில் மருந்துக்கடையில் வாங்கினோம். பையின் மேல் அறையில், கடவுச்சீட்டின் பக்கத்தில் அது இருக்கிறது.